திரும்பப் பெற்ற அறிக்கை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! ஆய்வு மையத்தின் அறிஞர் பெருமக்களே! அரசு அலுவலர்களே! மூத்தோர்களே! வலைக்கும் விலைக்கும் நடுவே வாழ்வை நடத்தும் திரேஸ்புரத்துத் தாய்மார்களே! நகர நிர்வாகத்தில் முப்பதாண்டு கோப்புகளோடு குடித்தனம் செய்த மாரிராஜ் உங்களை வணங்குகிறேன்.

பல்கலைக்கழகத்தின் இந்தப் பொது நிர்வாக ஆய்வு மையம் அரசுக்கு என்ன செய்கிறது? பாடம் நடத்துகிறதா? பட்டம் கொடுக்கிறதா? நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

திரேஸ்புரத்தில் மீன் சந்தை கட்ட அனுமதி வந்தது. கரையிலா, இரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சாலையோரத்திலா? ஆய்ந்து சொல்லுங்கள் என்று இந்த மையத்தைக் கேட்டோம். மையத்தின் ஆய்வாளர், காயல்பட்டினத்துச் சமீரா வந்தார். ஒரு வாரம், தினமும் காலை பத்து மணிக்கு வந்து எண்ணினார். கரையில் விற்பவர்கள் பதினொரு பேர்! சாலையோரமே போதும் என்றது அறிக்கை. அடிக்கல்லுக்கு நானும் நாள் குறித்தேன்.

செய்தியைச் சொல்லக் கரைக்குப் போனார் சமீரா. கூடை சுமந்து மீன் விற்கும் ஞானபாக்கியம் சிரித்துவிட்டார்.

"ஏளா, பத்து மணிக்கு வந்தா ஈயைத்தான் எண்ணணும். காலைல அஞ்சு மணிக்கு வந்து பாரு."

போனார். பார்த்தார். படகுகள் கரை தொட, ஏலக்குரல் எழ, நூற்று நாற்பத்து மூன்று பெண்கள்! ஏழு மணிக்குள் கூடையோடு பேருந்தேறி ஊர் ஊராய்ப் பிரிந்துவிட்டார்கள். சந்தை தள்ளிப் போனால், மீனை அங்கே கொண்டுபோய் ஏலம் விடுவதற்குள் முதல் பேருந்து போய்விடும். முதல் பேருந்து போனால் அன்றைய பிழைப்பே போகும்!

சமீரா நேரே இயக்குநர் சுந்தர்சிங்கிடம் போனார்.

"சார், நான் எண்ணுனது தப்பு. அறிக்கைய திரும்ப வாங்கணும்."

"அறிக்கை ஆபீசுக்குப் போயிருச்சேம்மா. நம்ம மையத்துக்குப் பேரு கெட்டுரும்."

"பேரு கெட்டா திரும்பச் சம்பாதிக்கலாம் சார். அவிய பொழப்பு கெட்டா?"

மறுநாள் இயக்குநரே என் அறைக்கு வந்தார். 'எங்கள் ஆய்வு பிழையானது' என்று கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தை நீட்டினார்.

கைதட்டாதீர்கள்! அன்று நான் கைதட்டவில்லை, கோபப்பட்டேன். "நாள் குறிச்சாச்சு சார்" என்று கத்தினேன். அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடிதம் என்னை உறங்கவிடவில்லை. ஐந்து மணிக்கு நானே கரைக்குப் போனேன். எண்ணத் தொடங்கியவன், நூறு தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

இடம் மாறியது. மறு அனுமதிக்கு ஓராண்டு ஓடியது. இன்று கரையிலேயே கூரை நிற்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது.

என்னம்மா ஞானபாக்கியம்? "கக்கூஸு எங்க சார்?" என்கிறீர்களா? நியாயம்! நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். விடாதீர்கள்!

அன்பர்களே, அரசுக்கு ஆமாம் போட ஆயிரம் பேர் உண்டு. அளந்து சொல்ல யார் உண்டு? அளந்தது பிழையென்றால் அதையும் அஞ்சாமல் எழுதித் தர யார் உண்டு? அப்படி ஓர் இடம் அருகில் இருந்தால், ஆள்வோர் இடறினாலும் விழமாட்டார்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. கடலுக்குப் போனோர் நலமாய்க் கரை சேர வாழ்த்தி, வணங்கி அமர்கிறேன்.