எழுபத்திரண்டாவது தாள்

தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. என் தங்கச்சி சுதாஜினியும் இப்படித்தான் போடுவாள்.

நீங்கள் முதலில் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. மற்ற எல்லோரும் மெசினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மெசின் வெறும் இரும்பு. படத்திலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

யப்பான்காரர் கையால் கீறிச் செய்த ஓட்டப்போட்டிப் படம் அது. ஏதோ ஒரு கோளில் கடல் வற்றிப்போய்த் தரை முழுக்க உப்பாகக் கிடக்கும். முதல்தரம் பார்த்தபோது, யாழ்ப்பாண பஸ்ஸில் போகையில் யன்னலால் தெரியும் ஆனையிறவு உப்புவெளிதான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நல்ல தரையை வெறும் உப்புக்கு விட்டிருக்கிறோமே என்று கவலைப்பட்டேன். அந்த உப்பில் சில்லு வைத்த வண்டிகள் ஐந்து ஓடும். ஒருத்தனுக்கு நாலு கை, நாலாலும் கள்ளவேலை செய்வான். ஒருத்தி ஓடிக்கொண்டே பழம் வெட்டிச் சாப்பிடுவாள். கதாநாயகன் ஒரு ஒல்லிப் பெடியன். பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய சாமானில் தன் வண்டியைத் தானே பூட்டிச் செய்தவன். அவனை எனக்குப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. நானும் உருத்திரபுரத்தில் லாண்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு மெசின், திருத்துகிறவன். என் கடையில் புதுச் சாமான் என்றால் கலண்டர் மட்டும்தான்.

கம்பியூட்டரில் செய்த படங்களில் வண்டி வேகமாகப் போகும், அவ்வளவுதான். இதில் வேகம் வண்டிக்கு நோகும். வண்டியின் மூக்கு முன்னால் இழுபடும். ஓட்டுகிறவனின் கன்னம் காதுவரைக்கும் போகும். வட்டச் சில்லு முட்டையாகும். கீறிய கோடே நடுங்கும். கடைசி வளைவில் சில்லுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, வண்டி துண்டுதுண்டாய்ப் பறக்க, அவன் கைபிடியை மட்டும் பிடித்தபடி கோட்டைக் கடப்பான். சிரித்துக்கொண்டு கடப்பான். அதுதான் முக்கியம்.

அந்த இடம் மூன்று செக்கன். நிறுத்தி நிறுத்தி எண்ணினேன், எழுபத்திரண்டு படம். நாற்பத்தோராவதில் அவன் கையில் ஆறு விரல். கீறினவர் பிழை விட்டிருக்கிறார். எங்கோ ஒரு மனிசன் நித்திரைத் தூக்கத்தில் ஒரு விரலைக் கூடக் கீறிவிட்டு எழும்பிப் போயிருக்கிறான். அந்த ஆறாவது விரலில் எனக்கு உயிர். கையால் கீறினால் ஒரு பிழை வரத்தான் செய்யும்.

தயாபரனுக்கும் காட்டினேன். அவன் சுதாஜினியின் புருசன். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் தலைவரும் அவன்தான், சிறந்த ஓட்டக்காரனும் அவன்தான். காலபோக நெல் வெட்டியதும் காய்ந்த வயலில் நாங்கள் லாண்ட்மாஸ்டர் ஓட்டம் வைப்போம். உழுகிற அதே மெசின்தான், ஐயா. சாமான் ஏற்றுகிற பெட்டியைக் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு குட்டிச் சில்லும் இருக்கையும் பூட்டி, வேகத்தைக் கூட்டினால் போட்டி மெசின். நாலு சுற்று. பிள்ளைகள் ஐஸ்கிறீம் குடிப்பார்கள், ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் பெயர்களைக் கடித்துத் துப்புவார். நல்ல பொழுதுபோக்கு.

தயாபரன் கடைக் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு முறுக்கைக் கடித்தபடி பார்த்தான்.

"உதெல்லாம் பென்சில் மச்சான்," என்றான். "பென்சிலுக்கு நோகாது. எங்கட மெசின் உப்பிடி இழுபட்டால் முதல்ல உன்ர கடையைத்தான் கொளுத்துவன்."

சொல்லிவிட்டு நாலுதரம் திரும்பப் பார்த்தான். மூன்றாம் தரம் கதிரையில் ஏறி நின்றான். அதனால் அவனுக்கும் அந்த ஆசை இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

என் ஆசை சின்னது. அந்த மூன்று செக்கனை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும். பார்த்து, எழுபத்திரண்டு தாளில் கீற வேண்டும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நான் கீறுவேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் திகதி போடுவேன். ஒழுங்கான பழக்கம்தான், இப்போது எனக்கே எதிராக வந்துவிட்டது.

போன வருசம் எங்கள் கழகத்துக் கணபதியின் மெசின் வளைவில் சில்லுக் கழன்று பிரண்டதே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் வயலில் பள்ளம், கிடங்கு என்றார்கள். கிடங்கு இருக்கவில்லை, ஐயா. அது ஒரு ஒத்திகை. கணபதி நல்ல பெடியன், ஆனால் சில்லு ஆடத் தொடங்கியதுமே கைபிடியை விட்டுக் குதித்துவிட்டான். கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு கிழமை நான்தான் சோறு கொண்டுபோனேன். கோபம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். படத்தில் அவன் கைபிடியை விடமாட்டான். கைபிடியை விடுகிற ஆளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கைபிடியை விடாத ஆள் எங்கள் பக்கத்தில் ஒருவன்தான் இருந்தான். அதனால்தான் தயாபரன். வேறு காரணம் இல்லை. சண்டை இருந்ததா, காணிப் பிரச்சினை இருந்ததா என்று நேற்று உங்கள் பொலிஸ் ஆட்கள் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது. அவனை எனக்கு நிறையப் பிடிக்கும்.

அவசரப்பட்டதற்குக் காரணம் சுதாஜினி. இந்த வருசத்தோடு ஓட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வயிற்றில் பிள்ளை. அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அடுத்த வருசம் என்று எனக்கு ஒன்று இல்லாமல் போய்விட்டது.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டத்தன்று காலையில் எல்லா மெசினையும் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, திருநீறு பூசி, கைபிடியில் நூல் கட்டுவோம். நூல் கட்டிய மெசினில் ஓட்டம் முடியும்வரை ஸ்பானர் போடக்கூடாது. போட்டால் ஆளையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதைக் கொண்டுவந்தவன் தயாபரன். முன்னொரு வருசம் ஒருத்தன் பூசைக்குப் பிறகு வேகம் கூட்டக் களவாகப் பெரிய புல்லி மாற்றி வென்றுவிட்டான். அன்றிலிருந்து இந்தச் சட்டம். நேர்மையான ஆள் போட்ட நேர்மையான சட்டம்.

நான் செய்ய வேண்டியதைப் பூசைக்கு முதல்நாளே, என் கடையில், ஆறுதலாக, நேரம் எடுத்துச் செய்தேன். இடது சில்லு மூன்று சுற்றுத் தாங்கும், நாலாவது தாங்காது. கணபதியின் மெசினில் படித்த பாடம் உதவியது.

கோயில் வாசலில் சுதாஜினி என்னிடம் வந்தாள். "அண்ணா, நீங்கள் பாத்த மெசின் எண்டபடியால்தான் அவரை விடுறன்," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. தொழில் தெரிந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

வயலுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது தயாபரன் மெசினை நிறுத்தினான்.

"சிவா, இடப்பக்கம் ஒரு சத்தம் கேக்குது மச்சான். ஒருக்கா ஸ்பானரைப் போட்டுப் பாரன்."

"நூல் கட்டியாச்சு," என்றேன். "சட்டம் போட்டது நீதானே."

அவன் கொஞ்சநேரம் சில்லைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"ஓமடாப்பா, நான்தான் போட்டனான். தலைவரே சட்டத்தை மீறினால் சனம் செருப்பால அடிக்கும்."

அந்த இடத்தில் நான் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் முடிவை எடுத்தவன் அவன் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசி வளைவில், வரம்பில் நின்றேன். நாலாவது சுற்றில் அவன் முதலாவதாக வந்தான். இடது சில்லு கழன்று தனியாக ஓடியது. பிறகு கொஞ்சநேரம் எல்லாம் சரியாக நடந்தது. மெசினின் மூக்கு நீண்டது. அவன் கன்னம் காதுவரை போனது. கைபிடியை விடவேயில்லை. நான் எண்ணினேன்; மூன்று செக்கன். அதற்குப் பிறகு இஞ்சின் அவன்மேல் விழுந்தது. அந்தப் பகுதி படத்தில் இல்லை, ஆகவே அதை நான் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டது நான். கொள்ளிக்குடம் உடைத்தபோது பக்கத்தில் நின்றதும் நான். முப்பத்தோராம் நாள் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு நல்ல படம் ஒன்று தேடி சுதாஜினி என் கடைக்கு வந்தாள். மேசை லாச்சியைத் திறந்திருக்கிறாள். தாள்கள் அடுக்கி இருந்தன. தன் புருசனின் முகம், கழன்ற சில்லு, எங்கள் வரம்பு, மூலையில் திகதி. முதல் தாள் ஓட்டத்துக்கு இருபது நாள் முந்தியது. எல்லாவற்றையும் ஒழுங்கு மாறாமல் அடுக்கி, உரப்பையில் போட்டு, சைக்கிளில் வைத்து, உங்களிடம் கொண்டுவந்து தந்திருக்கிறாள். தாள் ஒன்றும் கசங்கவில்லை. நல்ல பிள்ளை.

ஓம், ஐயா. நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். வளைவில் நின்ற சனம், அவன் என் பெயரைச் சொல்லிக் கத்தினான் என்கிறார்கள். "சிவா, பிடியடா" என்று கேட்டதாம். சனம் தூரத்தில் நின்றது. நான் பத்தடியில் நின்றேன். எழுபத்திரண்டாவது தாளை எடுத்துப் பாருங்கள். முதல் எழுபத்தொன்றும் ஓட்டத்துக்கு முன்னம் கீறியவை, ஒத்துக்கொள்கிறேன். கடைசித் தாளை மட்டும், நேரில் பார்த்த பிறகுதான் கீறுவேன் என்று வெறுமையாக வைத்திருந்தேன். பார்த்ததைத்தான் கீறினேன். வாயைப் பாருங்கள். அவன் சிரிக்கிறான்.

மூலையில் இருக்கிற திகதியை விடுங்கள், ஐயா. ஓட்டத்துக்கு எட்டு நாள் முந்தித்தான் போட்டிருக்கிறது. கையால் கீறினால் ஒரு பிழை வரத்தான் செய்யும்.