மருந்து கலப்பவரின் முகத்தைப் பார்க்காதவருக்கு

பெயருக்குப் பின்னால் பட்டங்கள் பல இருந்தும், "ஏன் மேடம்" என்ற பட்டப்பெயரையே பெருமையாய்ச் சுமந்தவரே! கேட்பதில் சளைக்காதவரே, கேட்டதைக் கைவிடாதவரே, நரம்பணு ஆய்வகத்தின் தலைவியே! இன்று பணி நிறைவு பெறும் தங்களை, தங்கள் கேள்விகளால் தூக்கம் கெட்ட நாங்கள் அனைவரும் நெஞ்சார வணங்கி வாழ்த்துகிறோம்.

நரம்பணுக்களை வாடவிடாமல் காக்கும் ஒரு புரதம் நம் உடலிலேயே சுரக்கிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். அதை மருந்தாக்கி மறதி நோயைத் தடுக்கலாமே என்று பலர் ஆசைப்பட்டார்கள். ஊசியாகப் போட்டால் அது மூளைக்குள் நுழைய மறுத்தது, வலியைத்தான் கூட்டியது. பலர் கைகழுவிய இடத்தில் தாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "வளர்க்கிறதும் இதுதான், வலிக்க வைக்கிறதும் இதுதான். ரெண்டையும் பிரிக்க முடியாதா? ஏன் முடியாது?" என்று கேட்டுக் கேட்டே, வலிக்கவைக்கும் குணத்தைக் குறைத்த புரதத்தை எங்களைக்கொண்டு உருவாக்கினீர்கள், அதை மூக்குவழிச் சொட்டாக எலிகளுக்குக் கொடுக்கவும் வைத்தீர்கள்.

எந்தக் கூண்டுக்கு மருந்து, எந்தக் கூண்டுக்கு வெறும் உப்புநீர் என்பது சொட்டைக் கலப்பவருக்கு மட்டுமே தெரியும். எந்த எலி வழியை நினைவில் வைத்திருக்கிறது என்று பார்த்துக் குறிப்பவரோ தாங்கள். மருந்து எந்த எலிக்கு என்று தெரிந்துவிட்டால் ஆசை கண்ணை மறைத்துவிடும். பாவம், கலப்பவருக்கு மனத்தில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும். அதனால் ஆய்வு தொடங்கிய நாள்முதல் தேநீர் வேளையில் அவருக்கு முதுகைக் காட்டியே அமர்ந்தீர்கள். புதிதாய் வந்தவர்கள், இருவருக்கும் ஏதோ சண்டை என்றே நம்பினார்கள்.

ஆய்வு முடியுமுன் தங்கள் பணிக்காலம் முடிகிறது. எந்தக் கூண்டுக்கு மருந்து என்பதை மட்டும் தங்கள் காதில் போட்டு அனுப்பலாம் என்று நாங்கள் கலப்பவரை நச்சரித்தது உண்மை. நாங்கள் நச்சரித்த செய்தி எட்டியபோது தாங்கள் கோபிக்கவில்லை. "எனக்கும் ஆசைதான். ஆனா என்கிட்ட சொன்னா உங்க காதுலயும் விழும். இனிமே எலியைப் பாக்கப்போறது நீங்கதானே?" என்றீர்கள்.

தங்கள் வீட்டில் அக்கா இருக்கிறார். மறதி நோய் அவரிடமிருந்து பலவற்றைப் பறித்துக்கொண்டாலும், தங்கை ஏதோ மருந்து தேடுகிறாள் என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. "என்னடி, மருந்து கிடைச்சுதா?" என்று மாலைதோறும் முதல்முறை கேட்பதுபோல் கேட்பாராம். தாங்களும் முதல்முறை சொல்வதுபோல், "இன்னும் இல்லக்கா, பாத்துக்கிட்டிருக்கேன்" என்பீர்களாம். இதைத் தாங்கள் சிரித்துக்கொண்டு சொன்ன அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று மாலையும் அவர் கேட்பார். வேறு பதிலைத் தந்தனுப்ப எங்களால் இயலவில்லை என்பது எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆகவே, அம்மையீர், இந்த விழாவிலும் கலப்பவரைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறோம். ஆய்வு முடியும் நாளில் அவரே தங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நல்ல சேதியோ, இல்லையோ, அன்று அவர் முகத்தைத் தாங்கள் நேருக்கு நேர் பார்க்கலாம். அதுவரைக்கும் அதற்கு அப்பாலும் தாங்கள் நோய்நொடியின்றி நீடு வாழ்க. அன்று மாலையும் அதே கேள்வியைக் கேட்க, அக்காவும் உடனிருந்து வாழ்க.

அன்புடன்,
நரம்பணு ஆய்வகத்தார் அனைவரும்,
இப்போதைக்குக் கலப்பவர் நீங்கலாக.