பட்ட பாலைமரம்

நாங்கள் இடம்பெயர்ந்து சுண்டிக்குளத்துக்கு வந்த புதிது. கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பனுக்குக் கொடுக்கும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் சொன்னது காதில் விழுந்தது.

“பச்சை மரத்திலை வேணுமெண்டால் கொப்பு வெட்டுங்கோ. பட்ட பாலைமரத்திலை கை வைக்காதேங்கோ.”

அவர் அரசாங்கக் காட்டையும் பறவைகளையும் பராமரிக்கும் உத்தியோகத்தர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. அவரைத் தேடிச் சைக்கிளில் வந்தவர் வேர்த்துப்போய் நின்றார்.

“பச்சைக் கொப்பு எரியாது, ஐயா. அம்மா செத்துப்போனா, பின்னேரம் எடுக்கவேணும். சுடுறதுக்கு விறகில்லை.”

“அந்தப் பொந்துக்குள்ளை கிளி குஞ்சு பொரிச்சிருக்கு, அண்ணை. அதுகள் பறக்கட்டும், நானே தறிச்சுத் தாறன்.”

“அதுவரைக்கும் அம்மாவை வீட்டிலை கிடத்துறதோ?”

பின்னால் ஒருவர், “கிளிக்கும் கூப்பன் குடுத்திட்டினம் போலை” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

உத்தியோகத்தர் கையிலிருந்த வெறும் போத்தலைப் பார்த்தபடி நின்றார்.

“கோடாலி கொண்டு வந்தனீங்களோ?”

“ஓம்.”

“அப்ப வாங்கோ. என்ரை மாட்டுக் கொட்டில் மரமெல்லாம் நல்லாக் காய்ஞ்ச பாலை. அதைக் கழட்டுவம்.”

“மாடு, ஐயா?”

“மாடு வெளியிலை நிக்கும்.”

அவர் வரிசையை விட்டு விலகினார். அவர் நின்ற இடத்துக்கு நான் நகர்ந்தேன்.