ஒரே ஓட்டை

"அதுக்கு ஒரே ஓட்டைதான்டி. சாப்டுறதும் அதுலதான், வெளிக்கிப் போறதும் அதுலதான்."

ஆம்பூர் போகும் காலைப் பேருந்தில் முன் இருக்கையிலிருந்து இது கேட்டது. சொன்னவள் புடவையில் இருந்தாள். அன்று அவளுக்கு ப்ளஸ் ஒன் விலங்கியல் தேர்வு. பக்கத்தில், அவளோடு வேலை செய்யும் தோழி, ஷூ கம்பெனி நீலக் கோட்டில், நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீ! இன்னாது அது?"

"ஜெல்லி மீன். மூளையும் கெடையாது."

"அப்புறம் எப்டி பொழைக்குது?"

"பசிச்சா துன்னுது. கிட்ட போனா கொட்டுது."

"நம்ம சூப்பர்வைசர்!"

இருவரும் சிரித்ததில் இருக்கையே ஆடியது. திடீரென்று புடவைக்காரி, "கை சில்லுன்னு ஆய்டுச்சு லதா. மூணாவது வாட்டி எழுதறேன். இதுவும் போச்சுன்னா வீட்ல பொஸ்தகத்த எடைக்குப் போட்டுருவாங்க" என்றாள்.

லதா அந்தக் கையை இழுத்துத் தேய்த்துவிட்டாள். "பேஜார் பண்ணாத. நட்சத்திர மீன்?"

"ஆரச் சமச்சீர். சக்கரம் மாதிரி."

பள்ளி நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். பேருந்து நகர்ந்ததும் லதா ஜன்னலில் தலையை நீட்டி, "மண்புழு?" என்று கத்தினாள்.

சாலையில் நின்றவள் இரண்டு கைகளையும் விரித்து, "இருபக்கச் சமச்சீர்!" என்று கத்தினாள். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

லதா, காலியான இடத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாவிடம் சொன்னாள். "கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆய்டுச்சுக்கா. நான் எட்டாவதோட நின்னவ. பேசாம பத்தாவது எழுதிடலாமான்னு இருக்குது."

"எழுது கண்ணு. தெனம் நான் கேள்வி கேக்கறேன்" என்றார் அந்த அம்மா. "எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கேள்விய மட்டும் நீ படிச்சு சொல்லிடு."