மெழுகு ஊற்றி அடைத்த போத்தல்

களுவாஞ்சிக்குடியில் நான் ஏறிய மட்டக்களப்பு பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அவிச்சாலும் சாகாத கிருமி இரிக்குகா மச்சி.”

“ஒரு மணித்தியாலம் போத்தலோட அவிச்சனே!”

“கிருமி செத்திரும், அதுர வித்துச் சாகாது. அதுக்குப் பிரஷர் குக்கர் சூடு வேணும்.”

“எண்ணெய் விட்டு, காத்துப் போகாம மெழுகு ஊத்தி அடைச்சுத்தான் மனுசனுக்கு அந்த இறாலக் கட்டாருக்கு அனுப்பினன்.”

“காத்தில்லாட்டித்தான் அது முளைச்சி நரம்பப் பிடிக்கிற நஞ்சாகும். மணமும் வராது. உடன எறியச் சொல்லு.”

மற்றவள் போனை எடுத்தாள்.

“காலமெ பேசினவரு. பாக்கிறதெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். நித்திரை காணாதாக்கும் எண்டு நாந்தான் படுக்கச் சொன்னன்.”