கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு படம்

— போனை ஆட்டாதீங்க ஆஸிம் இக்கா! பயிற்சிப் பெட்டிக்குள்ள ஒண்ணுமே தெரியல. கிளிப் போடப் போறேன், அப்படியே பிடிங்க!

— கடை போர்டு எழுதுற கை இது, ஆடாது. ஆடுறது உன் கைதான் ஷபானா டாக்டரே, கேட்டியா?

— அய்யோ, போச்சு! கையுறை விரல் கிழிஞ்சு தண்ணி கொட்டுது. நிஜப் பித்தப்பையா இருந்தா?

— நிஜத்துல பக்கத்துல உங்க பெரிய சர்ஜன் ஸுப்ரியா மேடம் நிப்பாங்க. இப்ப நான்தான். அடுத்த விரல்ல தண்ணி நிரப்பு, பதறாதே.

— எப்படிப் பதறாம இருக்கிறது? நாளைக்கு மேடம் முன்னாடி செஞ்சு காட்டணும். கை நின்னாத்தான் வியாழக்கிழமை பித்தப்பை கேஸ் எனக்கு. இல்லேன்னா இன்னும் ஆறு மாசம் அடுத்தவங்களுக்குக் கேமரா பிடிக்க வேண்டியதுதான்.

— அதுக்குத்தானே மேடம் சொல்லி ஒரு ஸ்கேனைப் பாத்துப் படம் வரைஞ்சு தந்திருக்கேன். அதைப் பாத்துச் செய்.

— பாக்கிறேன்... அய்யே! என் கை ஏன் குறுக்க போகுதுன்னு இப்பல்ல தெரியுது. வலப்பக்கம் இருக்க வேண்டிய ஈரல் இடப்பக்கம் இருக்கு இக்கா! பித்தப்பையும்!

— அதுக்கென்ன?

— என்னவா? உங்க தொழில் புத்தி! மட்டாஞ்சேரி கடைக்கண்ணாடி மொத்தத்துலயும் உள்ள நின்னு திருப்பித் திருப்பி எழுதுறீங்கல்ல, அதே பழக்கத்துல ஸ்கேனையும் திருப்பி வரைஞ்சுட்டீங்க.

— இருபது வருஷமா எழுதுறேன், ஒரு கடைக்காரனும் குறை சொன்னதில்ல. ஸ்கேன்ல இருந்த மாதிரியேதான் வரைஞ்சேன், கேட்டியா.

— இப்படி இதயம், ஈரல் எல்லாம் இடம் மாறிப் பிறக்கிறவங்க ஆயிரமாயிரம் பேர்ல ஒருத்தர். அவங்கள நான் எங்க பாக்கப் போறேன்? வேற வரைஞ்சு தாங்க.

— தர மாட்டேன். சாயா ஆறுது, குடி. அப்புறம் இதையே ஒரு தடவை செய்.

— பழம்பொரி எடுக்கலியா? இப்பத்தான் பொரிச்ச வாழைப்பழம், சூடா இருக்கு.

— எண்ணெய் வேணாம் மோளே. பேச்சை மாத்தாதே. கண்ணாடியில எழுதும்போது நான் என் கையைப் பாக்க மாட்டேன். வெளிய ரோட்டுல நிக்கிற ஆளா என்னை நினைச்சுக்குவேன். நீயும் பக்கம் மாறி நில்லு.

— மேசைக்கு அந்தப் பக்கமா? சரி, போனைப் பிடிங்க... ஆங், இது நல்லாருக்கே! குழாய் தெளிவாத் தெரியுது. ஒரு கிளிப். ரெண்டு. மூணு. வெட்டுறேன்.

— தண்ணி?

— ஒரு சொட்டு கூட இல்ல! இக்கா, ஒரு சொட்டு இல்ல!

— அடி சக்கை! எங்க, இன்னொரு தடவை.

— இன்னுமா? இல்லாத ஆளுக்கு எத்தனை ஆபரேஷன்தான் பண்றது?

— சரி, இனி சொல்லலாம். உன் கை நிக்கிற வரைக்கும் அந்த ஸ்கேன்ல இருக்கிற ஆளு யாருன்னு உன்கிட்ட சொல்ல வேணாம்னு மேடம்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன்.

— எந்த ஆளு?

— உன் ஸ்டெதஸ்கோப்பைக் காதுல மாட்டு. என் நெஞ்சுல வை.

— எதுக்கு? ம்... இதென்ன, துடிப்பு எங்கயோ தூரத்துல கேக்குதே!

— இடப்பக்கம் வச்சா அப்படித்தான். வலப்பக்கம் வச்சுக் கேளு, டாக்டரே. வியாழக்கிழமை உன் மேசையில படுக்கப் போறது நான்தான்.