எடைக்குப் போன மீன் இதழ்கள்

நவம்பர் மாதம் ஒன்பதாம் நாள், நான் கண் மருத்துவரிடம் போயிருந்த வேளையில், என்னுடைய மீன் வளர்ப்பு இதழ்கள் அனைத்தும் என் அனுமதியின்றிப் பழைய தாள் கடையில் எடைக்குப் போடப்பட்டன. போட்டவள் என் மனைவி. என் குறை இதுதான். மற்றவையெல்லாம் இதற்குப் பின்னர் நடந்தவை. ஆகவே இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் மீன் வளர்த்தவன் அல்லன். தண்ணீரில் கை வைப்பதே எனக்குப் பிடிக்காது. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்குப் பிடித்ததெல்லாம் நன்னீர் மீன்களையும் நத்தைகளையும் பற்றிப் படிப்பது. மாதந்தோறும் அஞ்சலில் வரும் இதழின் வழவழப்பான தாளில் ஏஞ்சல் மீன் எப்போதும் நேராக நிற்கும், செத்து மிதக்காது. நத்தையின் ஓடு எப்படி வளர்கிறது, சுண்ணச்சத்து இல்லாத நீரில் அது ஏன் அரித்துப்போகிறது, முட்டையிடும்போது நத்தை ஏன் நீர்மட்டத்துக்கு மேலே ஏறுகிறது என்பவற்றையெல்லாம் பிற்பகல் முழுவதும் படித்துக்கொண்டிருப்பேன். அதில் எழுதுபவர்களுக்கு மீனைத் தெரிந்த அளவு தமிழைத் தெரியாது. சிவப்பு மையால் திருத்துவேன், ஆசிரியருக்கும் எழுதுவேன். ஒருமுறை வருத்தம் தெரிவித்து அச்சிட்டார்கள். அந்த வருத்தத்தில் இரண்டு பிழைகள் இருந்தன.

வளர்த்தவள் என் மனைவி. மகன் வாங்கிக் கொடுத்த கண்ணாடித் தொட்டி கூடத்துச் சுவரோரம் ஓர் இரும்புத் தாங்கியின்மேல் இருந்தது. மாலையில் அவள் கையை முழங்கைவரை நீருக்குள் விட்டுப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். நான் நாற்காலியில் அமர்ந்து இதழை உரக்கப் படிப்பேன். தீனியைக் குறைத்துப் போடு, நீரை ஒரேயடியாக மாற்றாதே என்று இதழ் சொல்லும். "சரிங்க சார்" என்பாள். பிறகு தன் கைக்குத் தோன்றியதைத்தான் செய்வாள். அவளுடைய மீன்கள் எந்த இதழின் பேச்சையும் கேட்காமலேயே கொழுத்தன. வேறு பேச்சு அதிகம் இல்லாத எங்கள் வீட்டில் நாங்கள் சேர்ந்திருந்த பொழுது அது ஒன்றுதான். அதன் அருமை எனக்கு அப்போது தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும்.

தொட்டியில் மஞ்சள் நிற ஆப்பிள் நத்தை ஒன்று இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் வாத்தியார். சும்மா தொட்டாலே ஓட்டு வாயின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறது, எவ்வளவு கெஞ்சினாலும் வெளியே வருவதில்லை, வேறு என்ன பெயர் வைப்பது என்று என் எதிரிலேயே மகனிடம் கேட்டாள். சில வாரங்களில் வாத்தியார் முட்டையிட்டது. பெயரை மாற்றச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

முட்டைகள் பொரிந்து கடுகளவு குஞ்சுகள் வந்தன. பெரிய தொட்டியில் விட்டால் மீன்கள் தின்றுவிடும். தனித் தொட்டி வேண்டும். அதை வைக்க இடம் வேண்டும். கண்ணில் மருந்து விட்ட மங்கலோடு நான் வீடு திரும்பியபோது, என் இதழ்கள் இருந்த அலமாரித் தட்டில் நீர் தளும்பும் சிறு தொட்டியொன்று இருந்தது.

"எடைக்குப் போட்டுட்டேங்க. எல்லாம் பூச்சி அரிச்சுக் கிடந்துச்சு," என்றாள். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. உங்களுக்குத்தான் அத்தனையும் மனப்பாடமாச்சே. தாள் போனா என்ன, சொல்றதுக்கு நீங்க இருக்கீங்களே."

பழைய தாள் கடைக்கு நடந்தே போனேன். லாரி மதியமே போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார். இந்நேரம் ஆலையில் கூழாகியிருக்கும் என்றார். படிக்கத்தான் வேண்டுமென்றால் வேறு பழைய புத்தகம் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்றும் அன்போடு சொன்னார்.

நான் சத்தம் போடவில்லை. உரக்கப் படிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அடுத்த மாத இதழ் வந்தது; உறையைப் பிரிக்கவில்லை. மாலையில் அவள் கையைத் தொட்டிக்குள் விட்டபடி நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன். ஒருநாள் அவளாகவே, நான் வழக்கமாகப் படிக்கும் தோரணையில், "நத்தைக்கு வெள்ளரிக்காயை வேக வைத்துப் போடுக" என்று சொல்லிப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது.

குளிர் தொடங்கியதும் பரணிலிருந்து பழைய ஹீட்டரை எடுத்துத் தொட்டியில் மாட்டினாள். அது தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடிக் குழாய். ஒரு காலை, அவள் சமையலறையில் இருந்தபோது, தொட்டியின் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். குழாயின் மூடிக்குச் சற்றுக் கீழே முடியளவு விரிசல் ஒன்று ஓடியிருந்தது. உட்புறம் ஈரம் பனித்திருந்தது. அதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. அதைப் பற்றி இதழில் ஒரு முழுப் பக்கமே வந்திருந்தது. குழாய்க்குள் ஈரம் கண்டால் முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள், அதுவரை நீரில் கை வைக்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் நான் எந்தெந்தச் சொல்லைத் திருத்தினேன் என்பதை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும்.

அன்று மாலை அவள் நீரிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்து விரல்களைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்னமோ கை வச்சா சுர்ருங்குதுங்க. இதைப் பத்தி உங்க புத்தகத்துல ஏதாச்சும் போட்டிருந்தானா?"

குரலில் கேலி இல்லை. என்னைப் பேச வைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

"புத்தகந்தான் என்கிட்ட இல்லையே," என்றேன்.

பிறகு, வயதாகிவிட்டது, நரம்புதான் இழுக்கிறது போலும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையைத் துடைத்தாள்.

மறுநாளும் நான் சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லாமல் இல்லை. இதழ்களை எடைக்குப் போட்டது தவறு என்று அவள் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு முறையாகக் கேட்டால் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். வகுப்பிலும் என் வழக்கம் அதுதான். கேட்கும் முறையில் கேட்காத மாணவனுக்கு நான் விடை சொன்னதில்லை. அவன் எழுந்து நின்று சரியாகக் கேட்கும்வரை வகுப்பே காத்திருக்கும். பெரும்பாலும் கேட்டுவிடுவார்கள்.

அன்று மாலை நத்தை ஹீட்டரின்மேல் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. அது வெந்துபோகும் என்று அவளுக்குக் கவலை. நீர் மாற்றியதால் தரை நனைந்திருந்தது. வெறுங்காலோடு நின்று, இடக்கையால் இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டாள். சுவிட்சு என் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. எழ வேண்டியதுகூட இல்லை.

"வாத்தியாரே, இறங்குங்க. இப்படி வீம்பு பிடிச்சுக்கிட்டு ஒரே இடத்துல உக்காந்திருந்தா யாருக்கு நஷ்டம்?" என்றாள். நத்தையிடம்தான் சொன்னாள், என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவும் சொன்னாள்.

ஒருமுறை திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. வலக்கையை நீருக்குள் விட்டாள்.

சுவிட்சை அணைத்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நத்தை அவள் உள்ளங்கையில் இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

காவல் ஆய்வாளர் வந்தார். குழாயைக் கைக்குட்டையால் எடுத்துப் பார்த்து, விரிசலைக் கண்டு, பழைய பொருளைப் பயன்படுத்துவதால் வரும் விபத்து என்று எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேனா என்று கேட்டார். இருந்தேன் என்றேன். அதற்குமேல் என்னைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மகன் என் காலடியில் உட்கார்ந்து அழுதான். ஹீட்டரை மாற்றித் தராதது தன் குற்றம் என்றான். நான் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றான்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நீங்க படிக்கிறதோட சரி."

அவனை நான் திருத்தவில்லை. என் வாழ்நாளில் ஒருவர் பிழையாகச் சொன்னதைக் கேட்டும் திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.

இப்போது உறைகளைப் பிரித்துவிட்டேன். மாலை வேளைகளில், நீர் வடித்த தொட்டிக்கு எதிரே அமர்ந்து உரக்கப் படிக்கிறேன். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அவள் பதில் சொல்வதற்கு வேண்டிய இடைவெளியை விடுகிறேன். பிறகு அடுத்த பத்திக்குப் போகிறேன்.

யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன். விரிசலைக் கண்டேன். அது கொல்லும் என்று அறிந்திருந்தேன். அவள் அதில் கை வைப்பாள் என்றும் அறிந்திருந்தேன். அறிந்தே அவளைச் சாக விட்டேன். ஆனால் பொய் சொல்லிக் கொன்றேன் என்று எவரும் பேசக் கூடாது. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. அவள் கேட்டபோது அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை, கூழாகிவிட்டிருந்தது. நான் சொன்ன விடையை நீங்களே மறுபடியும் படித்துப் பாருங்கள். அதில் உண்மையல்லாத சொல் ஒன்றேனும் இருந்தால், எனக்குக் காட்டுங்கள்.